எஸ் போடாத விருந்து

"சனிக்கிழமை உங்க வீட்டுல சாப்பாடு" என்று எங்கள் மேனேஜர் கலீலுர் ரஹ்மான் சொன்னார். இங்கே அரபு நாட்டில், அல் கூஸில் நான் வேலை பார்க்கிற அரிசி, மளிகை குடோனுக்கு சூப்பர்வைசர் போடப் போகிறார்கள். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். கூட வருவது அவர் மனைவி அஃபீஃபா. ஹைதராபாத்காரி, ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். என் மனைவி வடிவோ, பக்கத்து ஃபிளாட்டில் போய் "ரைசஸ் ஈட்டிங்?" என்று கேட்டுவிட்டு வந்தவள்.

அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டில் அன்றைக்கே பாடம் தொடங்கினேன்.

"ரைஸுக்கு எஸ் கிடையாது. பிரெட்டுக்கும் கிடையாது. முட்டை ரெண்டு இருந்தா எக்ஸ்."

"சோத்துல ஆயிரம் பருக்கை இருக்கு. அதுக்கு எஸ் இல்லையா?"

"இல்லை."

"நூடுல்ஸுக்கு?"

"எப்பவும் உண்டு."

"தட்டுல ஒத்தை இழை கிடந்தாலுமா?"

"அப்படி யாரும் மிச்சம் வைக்க மாட்டாங்க. விடு."

"சரி, ரெண்டு கோழி?"

"உயிரோட இருந்தா எஸ். குழம்புல கிடந்தா வேண்டாம்."

"அடப் பாவமே. செத்ததும் அதையும் புடுங்கிடுவாங்களா?"

"வடிவு, ஒரு எஸ் தப்பினா என் பிழைப்பு போச்சு. நீ இங்கிலீஷ்ல வாயே திறக்காதே."

"திறக்கலை. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சொல்லவே மாட்டேன்."

சனிக்கிழமை அஃபீஃபா உள்ளே வந்து உட்கார்ந்ததும் வடிவு ஆரம்பித்தாள். தடதடவென்று இந்தி. மாடிவீட்டு லக்னோக்காரியோடு தினமும் பேசிப் பேசி வந்தது. எனக்கு அச்சா, ஜல்தி, அதோடு சரி. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்சம் பிந்தி நானும் சிரித்து வைத்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ?

கிளம்பும்போது மேனேஜர் என் தோளைத் தட்டி இங்கிலீஷில் சொன்னார்: குடோன் ஆட்களுக்கு இந்திதான் புரியும், அவர்களைக் கட்டி மேய்க்கிற ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன், இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

கதவைச் சாத்தினேன்.

"அவர்கிட்ட என்னடி சொன்னே?"

"நீங்க தினமும் வந்து புலம்புற குடோன் தகராறு எல்லாத்தையும் சொன்னேன். எப்படித் தீர்க்கலாம்னும் சொன்னேன்."

"லீவு வேணும்னா வீட்டுல கேக்காதீங்க, குடோனுக்கு வந்து கேளுங்க" என்கிறாள் இப்போது என்னிடம், சூப்பர்வைசர் வடிவு.