தொட்டிக்குள் மாப்பிள்ளை

"நாளைக்கும் தொட்டியில மணல் கிடந்துதுன்னா, மீன் அடுப்படிக்கு, நீ வீட்டுக்கு!"

ஓட்டல் முதலாளி சொல்லிவிட்டு, விடைபெறும் விருந்தாளி பக்கம் திரும்பினார். முகம் உடனே மலர்ந்தது. ஓட்டல் வாசலிலுள்ள கடற்கரையின் வெண்மணலை அடைத்த சின்னப் பாட்டிலை நீட்டி, "கன்னத்துல தேய்ச்சுப் பாருங்க, பட்டுதான்!" என்றார்.

திட்டு வாங்கியவர் தொட்டிக்காரர். சாப்பாட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியும் அதிலுள்ள ஒற்றைக் கிளிமீனும் அவர் பொறுப்பு. பச்சையும் நீலமுமாக மினுங்கும் உடம்பு, கிளிமூக்கு மாதிரி வாய். ராஜ உபசாரம் நடப்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார். பெற்ற பிள்ளையைப் போலப் பிரியம்.

மணல் எங்கிருந்து வருகிறது? அள்ள அள்ள, மறுபடி வெள்ளை வெளேரென்று சேர்ந்துவிடுகிறது.

"நீதானேடா கொட்டுற?" என்று சமையல்காரர் மேல் பாய்ந்தார்.

"எனக்கு வேற பொழப்பு இல்லையாண்ணே? வடிகட்டியைப் பாருங்க."

வடிகட்டியை மாற்றினார். மணல் அசரவில்லை. மறைத்தாவது விடலாம் என்று, தொட்டியில் ஏற்கெனவே கிடந்த கற்களோடு, கரையில் ஒதுங்கிய பவளக்கற்களைக் கூடையோடு கொண்டுவந்து அடுக்கினார். விடிந்து பார்த்தால் மணல் மேடே கிளம்பியிருந்தது.

தலையில் கைவைத்து உட்கார்ந்தவர் காதில் 'நறநற' என்று ஏதோ கேட்டது. மாப்பிள்ளை பாசிக்காகக் கல்லையே கடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். கல்லை! கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பின்னாலிருந்து வெள்ளை மணல் புகை மாதிரி மெல்ல இறங்கியது.

தொட்டிக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. இந்தச் சின்ன வயிற்றுக்குள் ஒரு மாவு மில்லே ஓடுகிறதே! வேலை போகப்போவதுகூட மறந்து, வாயைப் பிளந்தபடி நின்றார்.

முதலாளி வந்தார். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கும் மகளும், விடுமுறையாதலால், கூட வந்திருந்தாள்.

"என்னய்யா இது?"

"யாரும் கொட்டலை முதலாளி. மாப்பிள்ளைதான் கல்லைத் தின்னு... வெளிக்குப் போறாரு."

"ச்சீ!" முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். "சாப்பிடுற இடத்துல இந்தக் கண்றாவியா? தூக்குய்யா அடுப்படிக்கு!"

தொட்டிக்காரர் தொட்டியைக் கட்டிக்கொண்டார்.

மகள் சிரித்தாள். "அப்பா, கன்னத்துல தேய்ச்சுப் பாருங்கன்னு எல்லாருக்கும் பாட்டில்ல அடைச்சுக் குடுக்கிறீங்களே, அந்தக் கடற்கரை பூராவும் யார் போட்டதுன்னு நினைச்சீங்க?"