மறதிக்கு ஒரு கட்டம்

மறதிக்குப் படிவம் வைத்த முதல் துறை என்ற பெருமையை வரலாறு அந்த வரித்துறைக்கே அளித்திருக்கிறது. சக்கரம், நெருப்பு எல்லாம் போகிற போக்கில் கிடைத்தவை. 'நேர்மை' என்ற கிரிப்டோ வரிச் செயலியோ பதினான்கு கூட்டங்கள் போட்டு, எண்ண முடியாத பிஸ்கட் பாக்கெட்டுகளைக் காலி செய்து, திட்டமிட்டு உருவாக்கப்பட்டது.

அதை எழுதியவளுக்கு அலுவலகத்தில் 'நட்சத்திரம்' என்று பெயர். திறமைக்குக் கிடைத்த பட்டம் என்று அவள் அம்மா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். உண்மையில், படிவத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களின் தலையில் சிவப்பு நட்சத்திரம் வைப்பது அவள் வேலை.

பதினான்காவது கூட்டத்தில் அந்த மகத்தான கேள்வி எழுந்தது. கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர் அதன் விலை ஏற்றத்துக்கு வரி கட்ட வேண்டும், சரி. கடவுச்சொல்லை மறந்துவிட்டு, தன் நாணயத்தைத் தானே தொட முடியாமல் தவிப்பவர்? பாவம், விலக்கு கொடுக்கலாம் என்று இயக்குநர் மனம் இளகினார். இளகிய மனம் ஒரு நிமிடத்தில் இறுகியது.

"மறந்துட்டேன்னு யார் வேணா சொல்லிட்டுப் போயிடலாம். ஆதாரம் வேணும்."

"என்ன ஆதாரம் சார்?" என்றார் ஆலோசகர்.

"மறந்த பாஸ்வேர்டைப் படிவத்துல எழுதட்டும். நாம சரிபார்ப்போம். நிஜமாவே மறந்திருந்தா விலக்கு."

ஆலோசகர் கண் கலங்கினார். ஞானத்தை நேரில் பார்த்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

"சார், மறந்தவங்க எப்படி..." என்று நட்சத்திரம் வாயைத் திறந்தாள்.

"ஞாபகப்படுத்தி எழுதட்டும்மா. முப்பது நாள் டைம் கொடுக்கறோமே!"

பதவி உயர்வுப் பட்டியல் வெள்ளிக்கிழமை வரவிருந்தது. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு, 'மறந்த கடவுச்சொல்' என்றொரு கட்டத்தைச் செய்து, அதன் தலையில் நட்சத்திரத்தையும் வைத்தாள். பட்டியலில் அவள் பெயர் வந்தது.

தொடக்க விழாவுக்கு 'முதல் பயனாளி' ஒருவர் தேவைப்பட்டார். அவள் தன் சித்தப்பாவையே அழைத்து வந்தாள். சித்தப்பா பூட்டுக்குச் சாவி செய்பவர். அந்தச் சாவிக்கடை வருமானத்தில்தான் அவளைப் படிக்க வைத்தார். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், பூட்டைத் திறந்த கூலிக்குப் பதிலாக இரண்டு கிரிப்டோ நாணயங்களைக் கொடுத்து, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். சித்தப்பா சொன்ன சொல் தவறாதவர். நாளடைவில் தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நாணயத்தின் விலை மட்டும் அவரைக் கேட்காமல் ஏறிக்கொண்டே போனது.

மேடையில் கணினி முன் உட்கார்ந்தவர் அந்தக் கட்டத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா எழுத?"

"ஏதாவது எழுதுங்க சித்தப்பா. காலியா விட்டா நகராது."

அவர் ஒற்றை விரலால் 'ஞாபகம் இல்லை' என்று தட்டினார். கட்டம் நிரம்பியதே செயலிக்குப் போதும்; திரையில் பூக்கள் கொட்டின.

'வாழ்த்துகள்! தாங்கள் கடவுச்சொல்லை நினைவுகூர்ந்துவிட்டீர்கள். எனவே விலக்கு மறுக்கப்படுகிறது.'

கூட்டம் கைதட்டியது. சித்தப்பாவும் தட்டினார், நல்ல செய்தி என்று நினைத்து.

முப்பத்தோராம் நாள், வரி கட்டவில்லை என்று துறையினர் வந்து அவர் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

"மட்டமான பூட்டும்மா. அரை நிமிஷத்துல தொறந்துடுவேன். ஆனா தப்பில்லையா?" என்று அவர் போனில் கேட்டபோது நட்சத்திரத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. சித்தப்பாவை அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டு, நேரே இயக்குநர் அறைக்குள் போனாள்.

"அந்தக் கட்டத்தை எடுக்கணும் சார். ஒரு நிமிஷ வேலை. செயலியைத் திருத்துற பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கு."

இயக்குநர் மேசை இழுப்பறையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"அடடா, மறந்துபோச்சேம்மா!"

உடனே அவசரக் கூட்டம் கூடியது. பிஸ்கட் வருவதற்குள் தீர்மானம் வந்துவிட்டது: 'மாண்புமிகு இயக்குநர் மறந்துவிட்டதாகக் கூறுகிறார். அவர் சொல்லே போதுமானது. புதிய கடவுச்சொல் ஆறு மாதத்தில் பெறப்படும். அதுவரை செயலி இப்படியே இயங்கும்.' ஆலோசகர் மறுபடியும் கண் கலங்கினார்.

வெளியே பெஞ்சில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா காத்திருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. தொழில்காரரின் அக்கறையோடு கேட்டார்.

"அந்தக் கட்டத்துல அவரு என்னம்மா எழுதினாரு?"

"அவருக்குக் கட்டமே கிடையாது சித்தப்பா. உங்களுக்கு மட்டும்தான் செஞ்சேன்."