எண்பதாம் எழுத்தில் வெட்டுப்பட்ட புதன்கிழமை

புதுக்குடியிருப்பு
17.08.2004

அன்புள்ள மருமகன் கிருசாந்தனுக்கு,

மாமா முத்துலிங்கம் எழுதிக்கொள்வது. மூட்டுவலி நீங்கலாக நானும் மாமி கமலாசனியும் நலம். கொழும்பில் உனக்கும் வற்றாப்பளை அம்மன் துணை நிற்பாள்.

நிற்க. தபாலகத்தில் ஓய்வு பெற்றபின், காணாமற்போன உறவுகளைத் தேடித்தரும் எங்கள் நிலையத்துக்கு நீ எழுதித் தந்த புரோகிராமோடுதான் என் காலம் போகிறது. தட்டும் பெயர் அகப்படாவிட்டால், "நீங்கள் தேடும் பெயர் பதிவில் இல்லை, வரும் புதன்கிழமை மீண்டும் வந்து பாருங்கள்" என்று திரையில் வருகிறதல்லவா? தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது தவறிப்போன தம்பி கலந்தரைத் தேடும் சரீபா, அதை நம்பி முல்லைத்தீவிலிருந்து பதினொரு புதன் பஸ் ஏறி வந்துவிட்டார். உயிரோடு இருப்பவர்கள் தங்கள் பெயரைப் பதியும் அந்தப் பதிவில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தே நாலு மாதம். பொய்யாக வரச்சொல்ல மனம் கேட்கவில்லை. பின்பாதியை எடுத்துவிட நானே துணிந்தேன்.

நீ எழுதிய வரிகளுக்குள் அந்த வாசகத்தை முழுதாகத் தட்டித் தேடினால், அப்படியொன்று இல்லை என்கிறது கொம்பியூட்டர். கண்முன்னே திரையில் நிற்கிறது, உள்ளே இல்லையாம்! ஜெனறேற்றர் ஓடும் நேரத்தில் மட்டும் மூன்று நாளாக நாலாயிரம் வரியையும் கண்ணாலேயே வாசித்தேன். கடைசியில் பார்த்தால், ஒரு வரி எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற உங்கள் கம்பனிச் சட்டத்துக்காக, நீ வாசகத்தை நடுவில் வெட்டி மிச்சத்தை அடுத்த வரியில் போட்டிருக்கிறாய். முழுதாகத் தேடுகிறவனுக்கு அது எப்படியப்பா அகப்படும்? தந்தி அடித்த காலத்திலும் நான் ஒருவருடைய செய்தியை இப்படித் துண்டாடியதில்லை. அந்த இரண்டு வரியையும் ஒட்டப்போய் எதை அழித்தேனோ, இப்போது எவர் பெயரைத் தட்டினாலும் பதிவில் இல்லை என்கிறது. பொறுப்பாளர் தவராசா, முதல் ஆளாகப் பதிந்த தன் பெயரையே தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, அப்ப நானும் இல்லையோ?" என்று கதிரையில் இருந்துவிட்டார்.

உடனே வந்து இதைச் சீராக்கி, அந்தப் பின்பாதியையும் எடுத்துவிடு. சரீபா இனி அலையக்கூடாது.

நீண்ட ஆயுளும், நீண்ட வரி எழுதும் துணிவும் பெற்று வாழ்க.

உன் மாமா,
முத்துலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் புதன் பிறந்து சரீபாவும் வந்துவிட்டார். "இனி அது உங்களை வரச்சொல்லாது, பிள்ளை" என்றேன். "ஐயோ, எடுக்காதேங்கோ ஐயா" என்றார். "போற இடமெல்லாம் இல்லை எண்டுதான் சொல்லினம். இது ஒண்டுதான் திரும்பி வரச்சொல்லுது." எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றதைச் சீராக்கு, மருமகன். அந்தப் பின்பாதியில் மட்டும் கை வைக்காதே.