கண்ணாடி அலமாரியில் ஒரு மொழி

மலாக்காவில் கொசுவுக்கு அடுத்தபடி அதிகமாகப் பெருகுகிற ஜீவராசி எது தெரியுமா? மொழி காப்பவர். கொசுவாவது மழைக்காலத்தோடு நின்றுவிடும். இவர் மேடையும் மாலையும் கிடைக்கிற எல்லாக் காலத்திலும் பெருகுவார். அதுவும் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த அந்த வருஷம் காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தால், அது ஏதாவதொரு சங்கத் தலைவர் மேல்தான் விழும்; அவரும் அன்று மாலையே அதற்கொரு கண்டனக் கூட்டம் போட்டுவிடுவார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப்பையில் மூன்று பேனா இருக்கும். மூன்றிலும் மை இருக்காது. வாயைத் திறந்தால் "அழிந்துகொண்டிருக்கிறது" என்பார். எது அழிகிறது என்பதைப் பிறகு சாவகாசமாக முடிவு செய்வார். வீட்டில் பிள்ளைகளைத் தமிழில் கூப்பிடுவார், அதுகள் மலாயில் பதில் சொல்லும், அதைக் கேட்டு மனம் நொந்து, நேரே அடுத்த தெருவுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் சொற்பொழிவாற்றிவிட்டு வருவார். பிள்ளைகளிடம் பேசலாமே என்கிறீர்களா? நேரம் எங்கே இருக்கிறது?

நமது பொன்னுதுரை இந்த வர்க்கத்தில் உயர்ந்த ரகம். ரப்பர் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அவர் தலைவராக இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அண்ணாமலை, பல தலைமுறையாக அங்கேயே வாழும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துக்காரர். வீட்டுப் பேச்சு மலாய். தமிழில் தெரிந்தது சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும். கூட்டக் குறிப்பை அவர் மலாயில் எழுதுவார், பொன்னுதுரை படிக்காமலே கையெழுத்துப் போடுவார். "என் செயலாளருக்கே தமிழ் தெரியாது!" என்று மேடைதோறும் கண் கலங்குவார். கற்றுக்கொடுத்தாரா? கேள்வி கேட்காதீர்கள்.

ஒரு நாள் காலை நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கடைக்காரி மைமூன் பீவி, இலைப் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு பழைய புத்தகத்தை விரித்து, விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சுருஜ் மியா தேங்காய் துருவிக்கொண்டே திருத்திக்கொண்டிருந்தான். கிழக்குப் பாகிஸ்தானில் சில்ஹெட் பக்கத்து ஆள். கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை.

"என்னம்மா இது? எண்ணெய்க் கையோட புத்தகத்தத் தொடுறியே!"

"பாடம் படிக்கிறேங்க ஐயா. இவரு பேச்சு எனக்கு வந்துருச்சு, எழுத்துதான் பாதி பாக்கி. வர்ற புதன்கிழமை சிங்கப்பூருல கப்பல் ஏறுறாரு. நான் கடுதாசி போட்டா இவரு படிக்கணும்ல? இவருக்கு இவங்க ஊரு நாகரி எழுத்து ஒண்ணுதான் தெரியும்."

"இந்த எழுத்து உலகத்திலயே அழிஞ்சுக்கிட்டு இருக்கு, தெரியுமா?"

"அழியலையே ஐயா. நான் படிச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

இந்த மாதிரிப் பதிலெல்லாம் மொழி காப்பவர் காதில் விழாது. "ரெண்டே நாள், சங்கத்துல காட்டிட்டுத் தர்றேன்" என்று புத்தகத்தை வாங்கிப் போனார். அன்று மாலையே சில்ஹெட்டி மொழி எழுத்துப் பாதுகாப்புக் கழகம் உதயமானது. புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று, நாலு நாப்தலின் உருண்டைகளோடு.

மூன்றாம் நாள் சுருஜ் மியா வந்து கேட்டான். "எதா இருந்தாலும் எழுத்துமூலமா கொடுங்க, செயற்குழுவுல வைக்கிறேன்" என்றார் பொன்னுதுரை. அவனும் எழுதினான். தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தில். பொன்னுதுரை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையெழுத்துப் பிரதி! மறுநாளே கண்ணாடிச் சட்டம் போட்டு, அலமாரிக்குள் புத்தகத்தின் பக்கத்திலேயே நிறுத்திவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. விரித்துவைத்த முதல் பக்கத்துக்கு மாலை போட்டு, "இதுதான் கடவுள் வாழ்த்து, இதன் நயத்தைப் பாருங்கள்" என்று அரைமணி நேரம் விளக்கினார். பின்வரிசையில் சுருஜ் மியா எழுந்தான்.

"துவான், அது கடேசிப் பக்கம். நம்ப புத்தகம் வலது பக்கமாத் தொறக்கணும். அது புத்தகக் கடை வெளம்பரம்."

"பேச்சாளர் பட்டியல்ல உங்க பேரு இல்ல. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். மைமூன் பீவி எழுந்தாள். நேரே அலமாரி முன்னால் போய், கண்ணாடிமேல் விரலை வைத்து, சட்டம் போட்ட கடிதத்தைப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். தெரியாத எழுத்து வந்த இடமெல்லாம் நின்று நின்று படித்தாள். "ஐயா… புதன்கிழமை என் கப்பல்… என் வீட்டுக்காரி பாதி எழுத்துதான்… புத்தகத்தக் கொடுங்க. இல்லாட்டி அவ எழுதுறதுல பாதிதான் எனக்கு வந்து சேரும்."

பொன்னுதுரை மட்டும் பலமாகக் கைதட்டினார். "பாத்தீங்களா, நம்ம கழகத்தோட சாதனைய! இந்தம்மாவக் கௌரவ உறுப்பினரா ஆக்குவோம். புத்தக விஷயத்த அடுத்த மாசக் கூட்டத்துல பரிசீலிப்போம்."

அலமாரிச் சாவி அண்ணாமலையிடம் இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டார். எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தார். மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அம்பிக்லா, காக்", எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மலாயில் சொல்லி, புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார்.

"தீர்மானம் போடாம எப்படிய்யா கொடுப்பே?" என்று பொன்னுதுரை கத்தினார். நல்லவேளை, அண்ணாமலைக்குத் தமிழ் தெரியாது.

அன்று மாலையிலிருந்து புதன்கிழமை காலைவரை காஜா பேராங்கில் மைமூன் பீவியின் நாசி லெமாக் கிடைக்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. கழகத்து அலமாரி இன்னும் இருக்கிறது. உள்ளே நாப்தலினுக்குக் குறைவில்லை. வருஷா வருஷம் மாலையும் விழுகிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். "அடடா, பத்திரப்படுத்த வேண்டிய கட்டுரை" என்று இப்போது உங்கள் கை எதையோ தேடுகிறதே, அது கத்தரிக்கோல்தானே? கீழே வையுங்கள். பக்கத்து அறையில் உங்கள் பிள்ளை சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது; கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறினால் பரவாயில்லை. ஆனால், படிக்கவே தெரியாதென்றால், உங்கள் சட்டைப்பையில் எத்தனை பேனா இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.