வரப்பில் உட்கார்ந்த எம்பதி

சிம்பதி வேறு, எம்பதி வேறு என்று யாராவது உங்களுக்கு வகுப்பெடுக்க வந்தால் தயவுசெய்து எழுந்து ஓடிவிடுங்கள். நான் ஓடாமல் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்.

சென்னையில் எங்கள் ஆபீஸில் இதற்கென்றே ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். கஷ்டப்படுகிறவரைத் தள்ளி நின்று பார்த்து ‘ஐயோ பாவம்’ என்பது சிம்பதியாம். அவர் இருக்கிற இடத்துக்கே இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்காருவதுதான் எம்பதியாம். (நல்லா சொன்னான் மகராசன்!)

அந்த வாரமே மழை. திருக்காட்டுப்பள்ளியில் என் மாமனாரின் சம்பா, அறுக்கிற பக்குவத்தில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. உடனே வடிக்காவிட்டால் நெல் கதிரிலேயே முளைவிட்டுவிடும். கல்யாணமாகி வந்த புதிது எனக்கு. கணவரோடு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

சொந்தக்காரர்கள் எல்லாம் ரோட்டில் நின்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்வயல் தண்ணீர் உள்ளே வராதபடி வரப்பில் சேற்றை அள்ளி அள்ளி வைத்துவிட்டு, மாமனார் ஓய்ந்துபோய்க் குந்தியிருக்கிறார். இவர்கள் செருப்பில் சேறு படாமல் துக்கம் விசாரிக்கிறார்களாம்! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மாமனார் கையை ஆட்டி ஏதோ சொன்னார். (வராதே என்றிருக்கிறார். கூப்பிடுகிறார் என்று நான் உருகிப்போனேன்.)

அவர் புதிதாக அணைத்த வரப்பின் மேலேயே, பக்கத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தேன். “உங்க வலி எனக்குப் புரியுது மாமா” என்று சொல்லி முடிப்பதற்குள் வரப்பு என்னையும் சேர்த்துக்கொண்டு சரிந்தது. பின்னாலேயே மேல்வயல் தண்ணீர் மொத்தமும் வந்தது. கதிரோடு கதிராக நானும் சாய்ந்து கிடந்தேன்.

மறுபடி அடைத்து, மறுபடி வடிப்பதற்குள் பாதி நெல் முளைத்துவிட்டது. மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. ரோட்டில் நின்றவர்கள்தான் எனக்கும் சேர்த்து உச்சுக் கொட்டினார்கள். அவர்களுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தார் என் மாமியார். செருப்பைக்கூடக் கழற்றாதவர்களுக்கு நல்ல பெயர், சேற்றில் இறங்கியவளுக்குக் கெட்ட பெயர்! இது எந்த ஊர் நியாயம்?

கேட்டால் கணவர் இன்றும் சிரிக்கிறார். போன தையில் மறுபடி மழை. மாமனாரே போன் செய்தார்.

“வயல்ல தண்ணி ஏறிடுச்சும்மா. நீ ஒண்ணும் கிளம்பி வராதே. அங்கேருந்தே பாவப்படு, போதும்.”