முடிவிலிக்குச் சுற்றிய திருஷ்டி

பொறுப்பான பெண் என்று பெயர் வாங்கியவளிடம் ஒரு பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். அணைத்துத்தான் இருக்கும். பார்க்கப் போய் எங்கே திறந்துவிட்டேனோ என்று மறுபடி திரும்புவேன். இப்படிப்பட்டவளைத்தான் என் கணவர் பிரபு, தன் இசைக்குழு முதல்முறை மேடை ஏறியபோது நேரம் பார்க்க உட்காரவைத்தார்.

குழுவின் பெயர் முடிவிலி. வைத்தவர் டிரம்ஸ் வாசிக்கும் சேவியர், பள்ளியில் கணக்கு வாத்தியார். கீபோர்டு ரஃபீக், மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பிரபு கிட்டார். மூவரும் வாசிப்பது ஜாம். (ரொட்டியில் தடவுவது இல்லை. நானும் முதலில் கேட்டு அசடு வழிந்தேன்.) எதையும் எழுதிவைக்காமல், வாசிக்க வாசிக்க அங்கேயே உண்டாக்குவது. காவிரிப் பாலத்தில் ரயில் போவதைப் போல சேவியர் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொள்வார். மற்ற இருவரும் அதில் ஏறிக்கொண்டு எங்கெங்கோ போவார்கள். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் இப்படி வாசித்தார்களாம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒத்திகை நடந்தபோது மாமியார் கேட்டார்.

"ஆலாபனை நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்பப்பா வரும்?"

"பாட்டு வராதும்மா. இதுவேதான்."

"அப்ப எப்படி முடியும்?"

சிக்கலே அதுதான். அன்றைய ஒத்திகை ஒன்றேகால் மணி நேரம் ஓடி, கரண்ட் போனதால் முடிந்தது.

மன்னார்புரத்தில் ஒரு மண்டபத்தில் மாலை நேரக் கலை நிகழ்ச்சி. இவர்களுக்கு இருபது நிமிடம். அதைக் கேட்க ஹேமா என்பவர் வருவதாக இருந்தது. கன்டோன்மென்ட் பக்கம் காபி ஷாப் நடத்துகிறவர். "மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்களுக்குத் தரேன் தம்பி. ஆனா சொன்ன நேரத்துக்கு முடிச்சுக் காட்டணும். என் கஸ்டமருக்கும் வீடு வாசல் இருக்குல்ல?" என்று சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க பிரபு தூக்கத்தில்கூட ஞாயிற்றுக்கிழமை என்றுதான் முனகினார்.

"நாங்க கண்ணை மூடிட்டா நேரம் தெரியாது கவி. நீதான் முன் வரிசையில உக்காந்து சைகை காட்டணும். உள்ளங்கையைக் காட்டுனா, முடி. விரலைச் சுத்துனா, இன்னொரு சுத்து."

"ஒரு சுத்துன்னா எவ்வளவு நேரம்?"

"ஆறேழு நிமிஷம் ஆகும்."

நான் கண்ணாடி முன்னால் நின்று உள்ளங்கையைக் காட்டிப் பழகினேன். (டிராபிக் போலீஸ் மாதிரி இருக்கிறதோ என்று கொஞ்சம் சாய்த்தும் பார்த்தேன்.)

அன்று பத்து மாதக் குழந்தை மடியில், கடிகாரம் கண்ணில். பதினேழாவது நிமிடம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் சொன்னார்: "அந்த கிட்டார்காரப் பையனைப் பாரேன். விரலா அது! இம்மாம் கூட்டம் அதையே பாக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கையோடுதானே அவர் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்? முந்தின வாரம் யாரோ "குண்டுக் கன்னம்" என்றதற்கே குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல். சபையில் எழுந்து சுற்றிப் போட முடியுமா? படித்தவள் ஆயிற்றே. எனவே யாருக்கும் தெரியாமல், ஒரே ஒரு விரலால், மேடையைப் பார்த்து மூன்று முறை திருஷ்டி கழித்தேன்.

ரஃபீக் புருவத்தைத் தூக்கி, சந்தேகத்தோடு மூன்று விரலைக் காட்டினார். கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மூன்று நிமிடம் பாக்கி. என்ன பொறுப்பான மனிதர் என்று நினைத்து, பலமாகத் தலையாட்டினேன்.

இருபதாவது நிமிடம் உள்ளங்கையைக் காட்டினேன். மூன்று பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். முப்பதாவது நிமிடம் இரண்டு உள்ளங்கையையும் காட்டினேன். பின்னாலிருந்த அம்மா, "மறைக்குதுங்க" என்றார்.

அடுத்து ஆடவேண்டிய குழந்தைகள் சலங்கையோடு பக்கத்துப் படிக்கட்டில் காத்திருந்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, சேவியர் தாளத்துக்கே காலைத் தட்ட ஆரம்பித்தார்கள். தன் வாசிப்புக்குப் பதில் வருகிறது என்று நினைத்த சேவியர் உற்சாகமாகிவிட்டார். நடன டீச்சர் போய் யாரிடமோ சொல்லி மேடைக் கரண்டை நிறுத்தவைத்தார். கிட்டாரும் கீபோர்டும் செத்தன. டிரம்ஸுக்கு ஏது கரண்ட்? சலங்கைக்குத்தான் ஏது? கடைசியில் நானே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையேறி, சேவியர் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினேன்.

நாற்பத்து மூன்று நிமிடம். ஹேமா கைப்பையை மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை சரிப்படாது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும்போது பாலத்தின்மேல் பிரபு கேட்டார். "எந்தத் தைரியத்துல கவி மூணு சுத்து கேட்ட?"

திருஷ்டி கழித்ததைச் சொன்னேன்.

"எனக்காகவா சுத்துன?"

"ஆமா."

"அவ்வளவு நல்லாவா வாசிச்சேன்?"

அதற்குப் பிறகு எனக்கு எப்படித் தூக்கம் வரும்? மறுநாள் காலை நானே ஹேமாவுக்குப் போன் செய்தேன். (இரண்டு முறை அடித்து, அவர் எடுப்பதற்குள் கட் செய்து, மூன்றாவது முறை.)

"அவங்க மேல தப்பில்ல மேடம். நான் திருஷ்டி கழிச்சேன்."

"மேடையைப் பாத்தா?"

"ஆமாங்க."

"மூணு தடவையா?"

"வழக்கமா மூணுதாங்க."

அந்தப் பக்கம் யாரோ இருமுவது போலக் கேட்டது. அது சிரிப்பு என்று புரிய எனக்கு நேரமாயிற்று. "சரி, ஞாயித்துக்கிழமை தரேன். நேரத்தை நான் பாத்துக்கறேன். நீங்க கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாடி உக்காருங்க" என்றார்.

இரண்டு வருடமாக அந்தத் தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறேன். வீட்டில் நான் உப்பும் மிளகாயும் எடுத்தாலே மாமியார், "இரும்மா, அவன் கிட்டாரை உள்ள வச்சுட்டு வரட்டும்" என்கிறார். மகள்தான் பாவம், மூன்று வயதாகப் போகிறது. ஆடி முடித்து நிற்கிறவளுக்குக் கண் பட்டிருக்குமே என்று கையைச் சுற்றினால், மூச்சு வாங்கிக்கொண்டே முதலிலிருந்து ஆட ஆரம்பிக்கிறாள்.