மாஷா அல்லாஹ், கார் விற்பனைக்கு

சாய்ந்தமருது,
சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்பு மருமகன் நளீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான், உங்கள் மாமி, கார் மூவரும் சுகம். அங்கு நீங்கள், மகள் ஸப்னா, இன்னும் பெயர் வைக்காத அந்தச் சிறிய ஆள் மூவரும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். வாட்ஸ்அப் இருக்க ஏன் தாளில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். என் குரல் பதிவுகளை நீங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக மகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நடந்ததோ ஒவ்வொரு சொல்லாகக் கேட்க வேண்டிய கதை!

ஸப்னாவின் பிள்ளைப்பேற்றுக்கு மாமி கட்டாருக்கு வருவது உறுதி. கார் விற்றால் நானும் வருவேன், விற்காவிட்டால் மாமி மட்டும்தான். நீங்கள் டிக்கட் அனுப்புவதாகச் சொன்னதை வேண்டாம் என்றது என் பிடிவாதம், அதை விடுங்கள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல என்னையே நீங்கள் கேட்டபோது, எனக்கு முப்பத்தொரு வருட ஆசிரியத் தொழிலில் கிடைக்காத பட்டம் கிடைத்தது போல இருந்தது. "மாமா, படம் நல்லா இருந்தாக் கார் தன்னால போகும்" என்று நீங்கள் சொன்ன அன்றே துள்ளி எழுந்துவிட்டேன். விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு ஒரு காரைப் படம் பிடிப்பது பெரிய காரியமா?

முதல் நாள், காரைக் கழுவி, மெழுகு பூசி, கதவெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும்வரை தேய்த்து, நடுப்பகல் பன்னிரண்டரைக்குப் பதினேழு படம் எடுத்து, பெருமையோடு குடும்பக் குழுமத்தில் போட்டேன். முதல் பதில் மகளுடையது: "வாப்பா, கதவப் பாருங்க! சாரனோட மேல்சட்ட இல்லாம நிக்கிறீங்க!" பார்த்தால், பதினேழு படத்திலும் கார் பாதி, நான் பாதி. படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று எத்தனை பிள்ளைகளைக் கரும்பலகைக்கு முன் நிற்க வைத்திருப்பேன்! மாமி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "காருக்கு ஆள் வருதோ இல்லயோ, உங்களுக்கு மாப்பிள கேட்டு ஆள் வரும்" என்றார். நீங்கள் அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டதையும் கவனித்தேன், மருமகன்.

இரண்டாம் நாள் சட்டை போட்டுக்கொண்டேன். பின்னால் கடல் நீலமாக இருந்தால் வெள்ளைக் கார் எடுப்பாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுக் கடற்கரைக்கு இறக்கினேன். கணக்குச் சரி, மணல் பிழை. நான்கு சில்லும் அச்சுவரை இறங்கிவிட்டன. அலையோ ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களின் தலைவர் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவராம். "என்ன சேர், காரையும் வலையில போட்டீங்களா? காலையில இருந்து மீன் இல்ல, இண்டைக்குப் பட்டது இது ஒண்டுதான்!" என்று சொல்லிக்கொண்டே வலைக்கயிற்றைக் கட்டி, இருபது பேர் பாட்டுப் படித்து இழுத்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்று எடுத்ததில் அருமையான படம் அதுதான். ஆனால் இருபது பேர் கயிறு கட்டி இழுக்கும் காரை யார் வாங்குவார்?

மூன்றாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. என்னோடு ஒரே பாடசாலையில் சித்திரம் படிப்பித்த பாண்டிருப்புத் தம்பிமுத்து மாஸ்டரைப் போய்ப் பிடித்தேன். மறுநாள் விடிந்ததும் நற்பிட்டிமுனை வயலோரத்துக்குக் கூட்டிப்போனார். கதிர் மஞ்சள் பிடித்து நிற்கிறது. வெயில் இன்னும் இளசு. "சேர், சூரியன முதுகுப் பக்கம் வையுங்க. இனிக் குந்துங்க. இன்னும். லைட்டுட உயரத்துக்கு உங்கட கண் வரணும்" என்றார். என் முழங்கால் நெரிந்த சத்தத்தில் இரண்டு கொக்குப் பறந்தன. குந்திப் பார்த்தபோதுதான் விளங்கியது, மருமகன்! ஓர் உதாரணம் சொல்கிறேன். அடையாள அட்டைப் படத்தில் நம் எல்லோருக்கும் முகம் தட்டையாகத்தானே இருக்கும்? கலியாணப் பேச்சுக்கு எடுத்த படத்தில் முகத்தைச் சற்றுத் திருப்பி நிற்பதால் மூக்கும் தெரியும், காதும் தெரியும். காருக்கும் அதேதான். முன்பக்கமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியச் சரித்து நிறுத்தினார். பிறகு கதவைத் திறந்து ஆசனம், ஓடிய மைல் காட்டும் பலகை, டிக்கி எல்லாம் எடுத்தார். கீறல்களை மறைக்கலாமா என்றேன். "சும்மா இருங்க சேர்! வாங்க வாறவன் இஞ்ச வந்து முகத்தச் சுளிக்கிறத விட, வீட்டில வச்சே சுளிச்சிட்டு வரட்டும்" என்று ஒவ்வொரு கீறலுக்கும் கிட்டப் போய்த் தனித்தனிப் படம் எடுத்தார். பின் பம்பரில் உள்ள நசுங்கலையும் எடுத்தார். அது யார் ஓட்டியபோது வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்த வரியை மாமிக்குக் காட்ட வேண்டாம்.

படங்கள் வந்தன பாருங்கள்! பதினெட்டு வருடம் ஓடிய வண்டி, நேற்றுத்தான் கப்பலில் இருந்து இறங்கியது போல நிற்கிறது! மாமி பார்த்துப் பயந்துவிட்டார். "இஞ்சாருங்க, இவ்வளவு வடிவான படத்தச் சும்மா போட்டாக் கண்ணூறு பட்டுடும். மேல மாஷா அல்லாஹ் எண்டு எழுதிப் போடுங்க." நியாயம்தானே? வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு முகநூலில் படங்களைப் போட்டு, மேலே பெரிதாக "மாஷா அல்லாஹ்" எழுதி, "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தொடங்கி, காரின் வரலாற்றை ஒழுங்காக நான்கு பந்தியில் எழுதி, கடைசிப் பந்தியில் "ஆகவே, மேற்படி கார் விற்பனைக்கு உண்டு" என்று முடித்தேன். கட்டுரைக்கு முடிவுரை கடைசியில்தானே வரவேண்டும்! ஆனால் முகநூல் முதல் மூன்று வரியைக் காட்டிவிட்டு மிச்சத்தை மடித்து வைக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பொழுதுபட்டு மஃரிபுக்குள் இருநூற்றுப் பதினான்கு வாழ்த்து! "மாஷா அல்லாஹ் சேர், பறக்கத் ஆகட்டும்." "பென்சன் எடுத்தும் புதுக் கார்! பார்ட்டி எப்ப சேர்?" பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா வேலிக்கு மேலால் மாமியிடம் வந்துவிட்டார். "ஏன்கா ஸுஹைறா, புதுக் கார் எடுத்தீங்களாம், ஒரு வார்த்த சொல்லல்லியே?" அவர் சாய்ந்து நிற்பதே அந்தக் காரில்தான்! "ராத்தா, நீங்க ஆசுபத்திரிக்குப் போன அதே பழைய கார்தான்" என்று மாமி சத்தியம் செய்தும், "சும்மா மறைக்காதகா. படத்தில இரிக்கிறது இது இல்ல" என்று கோபித்துப் போய்விட்டார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்குவதற்குள் நாற்பது பேர் கைகொடுத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மாமி இனிப்புக்குத் தொதல் வெட்டிக் கொடுத்துக் கை ஓய்ந்தார். காரை விற்கிறீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெள்ளி பின்னேரம் தலைப்பை மாற்றி, "விற்பனைக்கு" என்று முதல் சொல்லாகப் போட்டேன். அதுதான் பெரிய பிழை! "வியாழன் வாங்கி வெள்ளி விக்கிறாரெண்டா எஞ்சின்ல என்னமோ இரிக்கி" என்று சந்தியெல்லாம் கதை. என் பழைய மாணவர் ஒருவர் மோட்டார்சைக்கிளில் பறந்து வந்து, "சேர், உங்கள ஏமாத்தின ஆரு? பேரச் சொல்லுங்க, இப்பவே பொலிசுக்குப் போவம்" என்று நிற்கிறார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவருக்கு என்மேல் இரக்கம்தான் கூடியது.

ஆகவே மருமகன், மாமி மட்டும் வருவார். பாங்கை நீங்களே சொல்லுங்கள். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொல்லுங்கள். பிள்ளை இந்த உலகத்தில் கேட்கும் முதல் பாடம் அது. ஸப்னாவிடம் வாப்பா சந்தோசமாகத்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை நாளை கட்டார் வரும் அர்ஹமிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வீட்டில் றஹ்மத்தும், மகளுக்கு இலகுவான பேறும், உங்களுக்கு மாமியைச் சமாளிக்கும் பொறுமையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
அப்துல் ஸமட் (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தம்பிமுத்து மாஸ்டர், மனைவி அன்னப்பிள்ளையோடு வந்து நின்றார். "சேர், கார் போயிட்டா?" இல்லை என்றேன். அன்னப்பிள்ளை சொன்னார்: "இந்த மனிசன் நாலு நாளா அந்தப் படத்தையே பாத்துட்டு இரிக்கார் சேர். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதுல விழல்ல. எங்களுக்கே தாங்க." கீறல் இருக்கிறதே என்றேன். "எங்கெங்க இரிக்கெண்டு என்ன விட ஆருக்குத் தெரியும்?" என்றார் மாஸ்டர். அரைமணி நேரத்தில் பேசி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்! மேலே எழுதிய கடைசிப் பந்தியை அடித்துவிடுங்கள். அர்ஹமுக்கும் வேலையில்லை, கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். நீங்கள் இதை வாசிக்கும்போது உங்களுக்கு முன்னால்தான் இருப்பேன். சலாத்தை வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன்.